வெளிச்சம் வரும் பக்கம்

எந்தச் சுவரைக் காட்டினாலும் அவர் முதலில் சுவரைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார், மேலே இருக்கும் குழல்விளக்கைப் பார்ப்பார். "லைட்டு எங்கேர்ந்து வருது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சுவர் பக்கம் திரும்புவார். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். பாகூரில் எங்கள் வீட்டில் பதினேழு நாள் வேலை செய்தார். அந்தப் பதினேழு நாளில் இந்தக் கேள்வியை அவர் வாயால் நூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். நூறு ஆனதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்படி விடுவது என் வழக்கம் இல்லை.

நான் எண்ணுகிறவன். முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்காகக் கிணறுகளையும் குட்டைகளையும் எண்ணினேன். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. எங்கள் தெருவில் பதினான்கு மின்கம்பம், அதில் மூன்று சாய்ந்தவை. எப்போது எவன் தலையில் விழுமோ தெரியாது. வாசலில் போகும் டிப்பர் லாரிகளைக்கூட ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். யாராவது ஒருநாள் தூசியைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆதாரம் வேண்டுமே.

"இவரு எண்ணிக்கினே இருப்பாரு மேஸ்திரி, கண்டுக்காதீங்க," என்று முதல் நாளே என் மனைவி அவரிடம் சொல்லிவிட்டாள். "கொழம்புல எத்தினி கத்திரிக்கா துண்டு போட்டேன்னு கேக்குற மனுசன்."

"எண்ணட்டும்மா. செவுத்துல எத்தினி குழி கீதுன்னு நானும்தான் எண்ணுறேன். சம்பளம் வாங்கிக்கினு எண்ணுன ஆளுங்க அவரு. நம்மள மாரியா?"

என்னைக் கேலி செய்கிறாரா, மரியாதை செய்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தில் எப்போதும் வெள்ளைப் பவுடர் படிந்திருக்கும். புருவம், மூக்கு நுனி, காது மடல் எல்லாம் வெள்ளை. எதையும் கண்டுபிடிக்க முடியாத முகம்.

அன்றைக்கு அவர் செய்த வேலை என்னைக் கொஞ்சம் புண்படுத்தியது. கூடத்துச் சுவர் நல்ல சுவர் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பியிருந்தேன். அவர் இரண்டு ஜன்னலையும் சாத்தினார். நீள வயரில் மாட்டிய நூறு வாட்ஸ் பல்பை எரியவிட்டுச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்தார். வெளிச்சம் சுவர்மேல் விழாமல் சுவரோடு ஓடியது. என் சுவரைக் காணோம். அங்கே மேடும் பள்ளமும் வரப்பும் வாய்க்காலுமாக வேறு எதுவோ இருந்தது.

"ஐயய்ய, இன்னாங்க இது, அம்ம போட்ட மூஞ்சி மாரி கீது," என்றாள் மனைவி.

"எல்லா வூட்லயும் இப்டித்தாம்மா. நேரா அடிச்சா எல்லாச் செவுரும் நல்ல செவுருதான். சாச்சுப் புடிச்சாதான் தெரியும்."

நான் பென்சிலை எடுத்து ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் எண் போட்டேன். நாற்பத்து மூன்று. அவர் தடுக்கவில்லை. பட்டித் தகட்டை எடுத்து ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக அடைத்துக்கொண்டு போனார். என் எண்களும் உள்ளே போயின.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டிய ஓர் இடம் இருந்தது. அங்கே எழுதவில்லை. இப்போது எழுதுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த இடத்தைச் சொல்கிறேன். அப்போது நான் வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலவின் படங்களில் குழி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நிலவு முழுக்கப் பனிக்கட்டி. மேலெல்லாம் பழுப்பு நிறக் கீறல்கள், ஏரி வற்றி வண்டல் வெடித்தது போல. பனிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்கிறார்கள். பல வருடங்களுக்கு முன்பு போன விண்கலம் ஒன்று எடுத்த படங்கள் அவை. அதன் பெரிய ஆன்டெனா குடை போல விரிய வேண்டியது, மாட்டிக்கொண்டு சரியாக விரியவில்லையாம். சின்ன ஆன்டெனா வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் படங்கள் வந்தன. எனவே கிட்டத்தில் எடுத்த படங்கள் குறைவு. இருக்கிற படங்களில் குழிகளைக் குறித்துக் கொடுக்க, வீட்டில் சும்மா இருப்பவர்கள் உதவலாம் என்று ஓர் ஆராய்ச்சிக் குழு இணையத்தில் கேட்டிருந்தது. எனக்காகவே கேட்டது போலிருந்தது. மகள் விட்டுப்போன மடிக்கணினியில் ஆறு வாரம் உட்கார்ந்து இருநூற்றுப் பதினேழு குழிகளுக்கு வட்டம் போட்டு அனுப்பினேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கூடத்தில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் இது? எந்த வூட்டுச் செவுரு?"

"செவுரு இல்ல. நிலா. நம்ம நிலா இல்ல, வேற கிரகத்தோடது. எல்லாம் ஐஸு."

"பட்டி வெச்சு வெடிப்பு வுட்ட செவுரு மாரியே கீது. யாரு சார் அங்க போயி ஒட்டுறது?" சிரித்தார். பிறகு, "இன்னா வட்டம் வட்டமா போட்டு வெச்சிக்கினு கீறீங்க?" என்றார்.

"குழிங்க. இருநூத்திப் பதினேழு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று புரிந்ததும் திரையை நோக்கிக் குனிந்தார்.

"இதுக்கு லைட்டு எங்கேர்ந்து வருது?"

"சூரியன்லேர்ந்து."

"அது தெரியும் சார். எந்தப் பக்கம்?"

படத்தின் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. வெயில் எந்தத் திசையிலிருந்து விழுகிறது என்பதற்கான குறி. ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்தேன். "கீழேர்ந்து," என்றேன்.

"அப்ப இது குழி இல்ல சார். பொடப்பு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் பொறுமையாக, வெள்ளை விரலைத் திரையில் படாமல் வைத்துச் சொன்னார். "லைட்டு வர்ற பக்கத்து ஓரம் இருட்டா இருந்தா குழி. பளிச்சுனு இருந்தா பொடப்பு. நம்ம கண்ணு எப்பவும் லைட்டு மேலேர்ந்து வருதுன்னே நெனச்சிக்கும். அதான் ஏமாத்துது."

மடிக்கணினியை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். வெயில் இப்போது மேலேயிருந்து வந்தது. நான் வட்டம் போட்ட குழிகள் என் கண் முன்னாலேயே மேலே எழும்பிக் கொப்புளங்களாயின. திரும்ப நேராக வைத்தேன், குழிகள். தலைகீழாக வைத்தேன், கொப்புளங்கள். நான்கு தடவை.

"ஏங்க, கம்ப்யூட்டர கவுத்து வெச்சி இன்னா பண்றீங்க? உள்ள எறும்பு பூந்துட்டுதா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று மாலைக்குள் எல்லாப் படங்களையும் அம்புக்குறியோடு மறுபடி பார்த்தேன். அறுபத்தொன்று குழி அல்ல. மிச்சம் நூற்றைம்பத்தாறு. உடனே திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. என் கவனத்தையும் கண் கூர்மையையும் பாராட்டியிருந்தார்கள். என் பெயரைப் போட்டு நன்றி. அந்தக் கண் என்னுடையதல்ல என்று நான் எழுதவில்லை. எழுதினால் பட்டி, பல்பு எல்லாம் விளக்க வேண்டியிருக்குமே என்று அப்போது ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவருடைய கேள்வி சுவரோடு நிற்காது. பக்கத்து வீட்டம்மா தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி என் மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏணிமேல் நின்றவர் அங்கிருந்தே கேட்டார். "மாப்ளைய எங்கம்மா பாத்தீங்க? அவங்க வூட்லயா? அவங்க வூட்டு லைட்டுல பாத்திருக்கீங்க. வேல செய்ற எடத்துல போய்ப் பாருங்க." அந்தம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு போய்ப் பார்த்தார்களா என்று தெரியாது. கல்யாணம் நடக்கவில்லை.

மத்தியானம் தூக்குவாளியோடு பின்கட்டுக்குப் போய்விடுவார். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

அடுத்த வருடம் என் பழைய அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தற்காலிக வேலை வந்தது. மேலேயிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எங்கெங்கே குட்டை, எங்கெங்கே மேடு என்று பட்டியல் போட்டுத் தர வேண்டும். சந்தேகம் உள்ள இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்பது விதி. முழங்கால் வலி காரணமாக எனக்குச் சந்தேகம் குறைவாகவே வந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு இடங்களை மேசையில் உட்கார்ந்தே முடித்தேன். வரிசை எண் நூற்றுப் பதினெட்டு, கரிக்கலாம்பாக்கத்தின் விளிம்பில், கல் நட்ட மனைகளுக்கும் மிச்சமிருந்த வயல்களுக்கும் நடுவில் இருந்த ஓர் இடம். அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. தை மாதத்துப் படம். தண்ணீர் இல்லை, கோரை மண்டிக் கிடந்தது. 'மேடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிலவின் படம் என்றால் அம்புக்குறியைப் பார்க்கப் பழகியிருந்தேன். இது நம் ஊர். இங்கே எனக்குத் தெரியாதது என்ன இருக்கும்? வேலையில் இருந்த காலத்தில் அந்தக் குட்டையை நான் நேரில் போய் எண்ணியிருக்கவும்கூடும். எண்ணியவை நினைவில் நிற்பதில்லை. எண்ணிக்கைதான் நிற்கிறது.

ஆவணி மாதம் ஒரு காலையில் அவர் வந்தார். வேலைக்கு வந்தவராகத் தெரியவில்லை. முகம் கழுவி, சட்டை மாற்றி வந்திருந்தார். வெள்ளை இல்லாத அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன். வயதானவராக இருந்தார்.

"சார், கரிக்கலாம்பாக்கத்துல எங்க தெருவுக்கு மேற்க ஒரு குட்ட கீது. இருவத்திரண்டு வூட்டுத் தண்ணியும் அதுலதான் போயி வுழுவுது. சுத்தி மன போட்டவங்க அத்த மண்ணு கொட்டி மூடப் போறாங்க. ஆபீசுல மனு குடுத்தோம். லிஸ்டுல மேடுன்னு கீது, மேட்ட நெரவுனா யாரு கேக்குறதுன்னு சொல்லிட்டாங்க. லிஸ்டு எழுதுன ஆளு தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நிறுத்தி வெக்கிறோம்னாங்க."

"அதுக்கு எங்கிட்ட ஏன்..."

"லிஸ்ட காட்டுனாங்க சார். நம்பரு போட்டிருந்த கைய பாத்தேன். செவுத்துல குழிக்கு நம்பரு போட்டீங்களே, அதே எழுத்து."

"படத்துல மேடாத்தான் தெரிஞ்சுது," என்றேன்.

அவர் மெதுவாக, "லைட்டு எங்கேர்ந்து சார் வந்துது?" என்றார்.

"நேர்ல வந்து பாத்துட்டு எழுதித் தரேன். ரெண்டு நாள்ல."

"நெஜமா வந்துருங்க சார். மழைக்கு ரெண்டு மாசம் கூட இல்ல. எங்க வூட்டுச் செவுரு செங்கல்லும் மண்ணும்தான், பூச்சு கெடையாது."

"ஊருக்கெல்லாம் பட்டி பாக்குற, உன் வூட்டுக்குப் பூசலியா?" என்றேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன்.

"ஊரான் செவுரு முடியட்டும்னு இருந்துட்டேன்." தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்ப்பது போலவே பார்த்தார். மனைவி கொடுத்த காப்பியில் பாதியை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் போகவில்லை. முழங்கால். மூன்றாம் நாள் இருமல். நான்காம் நாள் அந்தப் படத்தை எடுத்தேன். வடக்கை மேலே வைத்து அச்சிட்ட படம். தை மாத வெயில் தெற்கே சாய்ந்து வரும். அதாவது படத்துக்குக் கீழேயிருந்து. இது எட்டாம் வகுப்புப் பாடம். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். மேடு உள்வாங்கியது. கரை தெரிந்தது, தண்ணீர் இறங்கும் வழி தெரிந்தது. நல்ல ஆழமான குட்டை.

அன்றே ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நூற்றுப் பதினெட்டு தவறு என்றால் மற்ற முன்னூற்றுப் பதினொன்றும் சரியா என்று கேட்பார்களே என்ற பயம் பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு வருடம் என் எண்ணிக்கையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்து, மொத்தமாக ஒரு திருத்தம் கொடுத்தால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன்.

"அந்த மேஸ்திரிக்கு எழுதிக் குடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சரிபாத்துக்கிட்டு இருக்கேன்."

"அவரு கேட்டது ஒரு வரிதானே? ஊரயே எண்ணி முடிச்சிட்டுத்தான் குடுப்பீங்களா?"

அந்த நாட்களில் வாசலில் டிப்பர்கள் அதிகம். செம்மண் ஏற்றிப் போயின, காலியாகத் திரும்பின. ஜன்னல் திரையெல்லாம் சிவப்புத் தூசி. எனக்கு இருமல் வேறு. எரிச்சலோடு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒன்பது நாளில் இருநூற்று எழுபத்தொரு நடை. எங்கே போகின்றன என்று யாரையும் கேட்கவில்லை. எண்ணுகிறவனுக்கு அந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை.

பத்தாம் நாள் காலை, கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். அந்தத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே சிவப்பாக, சமமாக, தெருவை விட இடுப்பு உயரத்துக்கு மண். கடைசி டிப்பர் வாயைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்க எண்ணை எனக்குத் தெரியும். என் நோட்டில் இருக்கிறது.

அவர்களோடு நின்ற மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "வந்துட்டீங்களா சார்," என்றார். அவ்வளவுதான். குரலில் எதுவும் இல்லை. நான் பையைத் திறக்கவில்லை. இனி எதற்கு என்று தோன்றியது. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தத் தெருவில் பதினொரு நாள் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் பகலில், அவர் பாத்திரங்களை எடுத்துப் பரணில் வைத்துக்கொண்டிருக்கும்போது, ஊறிப்போன மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. அவர் மனைவி அந்தப் பக்கம் இருந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடக்க மாட்டாள் என்றார்கள். இருவரும் சோரியாங்குப்பத்தில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதையெல்லாம் எங்கள் வீட்டில் அவரோடு வேலை செய்த இன்னொருவர் வந்து சொன்னார். என் மனைவி அதற்குப் பிறகு நான்கு நாள் என்னிடம் பேசவில்லை.

கடிதத்தை அப்போதுதான் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மற்ற முன்னூற்றுப் பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரிசை எண் நூற்றுப் பதினெட்டில் 'மேடு' என்பதை அடித்துக் 'குட்டை' என்று எழுதி நகல் கொடுத்தார்கள். நான் பயந்த காரியம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

நகலை எடுத்துக்கொண்டு சோரியாங்குப்பம் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. உள்ளே கட்டிலில் அந்தம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வேலைக்குப் போவதில்லையாம். விட்டுவிட்டுப் போனால் அவளைத் திருப்பிப் போட ஆளில்லை.

காகிதத்தை நீட்டினேன். வாங்கினார். பழக்க தோஷம், அதை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். அடித்துத் திருத்திய இடத்தில் விரலை வைத்தார்.

"குட்டைன்னு போட்டுட்டாங்களா?"

"ஆமாம்."

"இப்ப அது மேடு சார். கடகால் தோண்டிட்டாங்க. நாலு வூடு எழும்பிக்கினு கீது." காகிதத்தை மடித்தார். "அன்னிக்கு நீங்க எழுதுனதுதான் இப்ப சரி."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிற அதே குரல்தான். நான் சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அதைத் தொடங்குவதற்குள் அவரே பேசினார். "அந்த ஐஸு நெலா இன்னா சார் ஆச்சு?"

"புதுசா ஒரு கலம் போய்க்கிட்டு இருக்கு. போய்ச் சேர இன்னும் சில வருசம் ஆகும். அது நெருக்கமா படம் எடுக்கும்."

"அங்க யாரும் இல்ல இல்ல?"

"யாரும் இல்ல."

"குழி எத்தினின்னு சொன்னீங்க கடைசியா?"

"நூத்தி அம்பத்தாறு."

தலையை ஆட்டினார். உள்ளே கட்டில் முனகியது. எழுந்தார். எழுந்தவர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு, ஞாபகம் வந்தது போலக் கேட்டார்.

"அதுக்கு மட்டும் அன்னிக்கே எழுதி அனுப்பிட்டீங்க இல்ல சார்?"

"ஆமாம்," என்றேன்.

நகலை என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு. அத்த வுட்டா ஏழு மணிக்குத்தான்," என்று சொல்லிவிட்டு, அவளைத் திருப்பிப் படுக்க வைக்க உள்ளே போனார். நான் ஏழு மணி பஸ்ஸில்தான் வந்தேன்.